கெல்லாஸ் இல்லம்: ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பத்தலைவரும் தமிழர் நினைவும்

வட சிலாங்கூரில் கோல சிலாங்கூருக்குச் செல்லும் சாலையில் அமைந்த அசாம் ஜாவா என்னும் சிற்றூரின் பெயருக்கு மலாய்மொழியில் புளி என்பது பொருள். 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 'லத்தார்' விரைவுச்சாலையின் பெயரும் அசாம் ஜாவாவையும் தெம்பளர் வனப்பூங்காவையும் இணைத்துச் சுருக்கியதேயாகும். ஊர்ப்பெயர் இவ்வாறு ஏதேனும் ஒரு வடிவில் நின்றுவிடுகிறது. இவ்வட்டாரத் தோட்டப் பெயர்களையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். பெஸ்தாரி ஜெயாவை அடுத்துள்ள தென்னமரம் தோட்டத்தின் பெயர் நம் தமிழ்ச்சொல்லே. மேரி தோட்டமும் நைஜல் கார்ட்னர் தோட்டமும் ஐரோப்பிய ஆட்பெயர்களைத் தாங்கியவை. இன்னும் சற்று அகன்று நோக்கின், ஷா ஆலமில் கிளென்மேரி, கெப்போங்கில் எடின்பரோ, செபராங் பிறையில் கலிடோனியா என ஸ்காட்லாந்து மண்ணை நினைவூட்டும் பெயர்களைக் காண்கிறோம். பெயரை நாள்தோறும் உச்சரிக்கும் நாம், அப்பெயருக்கு உரியவர் யார், அவருக்குத் தாய் தந்தையர், மனைவி மக்கள் இருந்தனரா என்னும் வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

மலாயாவின் வாணிக, தோட்டத்துறை வரலாற்றில் ஸ்காட்லாந்தியர் பெற்றிருந்த இடம் அவர்களின் நாட்டு மக்கள்தொகைக்கு மிஞ்சியதாகும். 1821ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தம் பெயரால் வணிக நிறுவனம் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரி ஸ்காட்லாந்தியர். 1910இல் மலாக்காவில் ஹென்றி டார்பியுடன் கூட்டுச் சேர்ந்த வில்லியம் சைம் ஸ்காட்லாந்தியர். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நம் முன்னோரை ஏற்றி வந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்த வில்லியம் மக்கின்னனும் அந்நாட்டவரே. சைம் டார்பி தோட்ட நிறுவனம் 2024ஆம் ஆண்டில் 'எஸ்.டி. கத்ரி' எனப் பெயர் மாற்றிக்கொண்டதால், இருநூறு ஆண்டுப் பழமையுடைய அப்பெயர் மீண்டும் தோட்ட வாயில்களுக்கு வந்துள்ளது.

ஆயினும் மலேசியத் தமிழ் எழுத்தில் 'துரை' என்பவர் பெரும்பாலும் ஒரு வகைமாதிரியாகவே இடம்பெறுகிறார். காலைப் பெரட்டுக்கு வருவார், கிராணியைக் கடிந்துகொள்வார், மாலையில் பங்களாவிற்குள் மறைந்துவிடுவார். பங்களாவின் உட்புறம் நம் புனைகதைகளுக்குள் அரிதாகவே நுழைந்துள்ளது. இதற்குக் காரணம் வெளிப்படை. தோட்டத் தமிழருள் சமையற்காரர், ஆயா, தோட்டக்காரர் தவிரப் பிறர் அதற்குள் சென்றதில்லை. அவ்வாறு மறைந்திருந்த உட்புறம் ஒன்று, சுவர்கள் திறந்த நிலையில் எல்லாரும் காணுமாறு பேராக் மாநிலத்தில் பத்து காஜாவை அடுத்து நிற்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்தியர் தம் குடும்பத்திற்காகக் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கெல்லாஸ் இல்லம் அது. மக்கள் வழக்கில் அது 'கெல்லி கோட்டை'. அவருடைய வாழ்க்கையை ஒரு குடும்பத்தலைவரின் வாழ்க்கையாக வாசித்து, அவ்வாசிப்பு தமிழ்த் தோட்டக் குடும்பங்களின் வரலாற்றைப் பற்றி நமக்குச் சொல்வது யாது என விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கெல்லாசிலிருந்து கிந்தாவிற்கு

கெல்லி ஸ்மித் 1870ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தின் வடகிழக்கே மோரே பகுதியில், லாசி ஆற்றை ஒட்டிய கெல்லாஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அது வேளாண் ஊர். பண்ணையை ஒரு மகன் ஏற்றுக்கொண்டால் ஏனையோர் நகரத்திற்கோ கடல் கடந்தோ செல்வது அந்நாட்டில் அக்காலத்தில் வழக்கமாயிருந்தது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அவ்வாறு சென்றோரால் நிறைந்தன. மலாயாவிற்கு வந்தோர் எண்ணிக்கையில் மிகச் சிலரே. அவர்களும் குடியேறி உழுவதற்காக வந்தவர் அல்லர். பொறியியல், கணக்கு, நிலஅளவை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொண்டு, பொருளீட்டித் திரும்பும் எண்ணத்தோடு வந்தனர். கெல்லி ஸ்மித் 1890ஆம் ஆண்டில் இருபது வயதில் பொறியாளராக வந்து சேர்ந்தார்.

அவருக்கு முதலில் வேலை கொடுத்தவர் சார்லஸ் ஆல்மா பேக்கர். நியூசிலாந்தில் பிறந்த நிலஅளவையாளரான பேக்கர், பேராக் அரசிடமிருந்து காடழிப்பு, நிலஅளவைப் பணிகளைப் பெற்று நடத்தியவர். இக்கூட்டில் ஈட்டிய பொருளைக் கொண்டு கெல்லி ஸ்மித் கிந்தா மாவட்டத்தில் ஏறத்தாழ 1,000 ஏக்கர் காட்டு நிலத்தை வாங்கி ரப்பர் பயிரிட்டார். ஈய முயற்சிகளிலும் ஈடுபட்டார். தோட்டத்திற்கு அவர் இட்ட பெயர் கிந்தா கெல்லாஸ். புதிய மண்ணின் ஆற்றுப்பெயரும் பழைய மண்ணின் ஊர்ப்பெயரும் அதில் அருகருகே நிற்கின்றன.

தமிழ் அகமரபு 'பொருள்வயிற் பிரிவு' எனப் பெயரிட்ட நிலை இதுவே. பொருள் தேடித் தலைவன் செல்வான், தலைவி காத்திருப்பாள், வினை முற்றி அவன் மீள்வான். கடல்வழிச் செலவில் மகளிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் கூறுவதாகவே பெரும்பாலோர் பொருள் கொள்வர். உரையாசிரியரிடையே அந்நூற்பாவிற்கு வேறு விளக்கமும் உண்டு. கெல்லி ஸ்மித் பதின்மூன்று ஆண்டுகள் பொருளீட்டிய பின்னர்த் தாயகம் சென்று, ஆக்னஸ் என்பாரை மணந்து, 1903இல் கடல் வழியே கிந்தாவிற்கு அழைத்து வந்தார். மறு ஆண்டு மகள் ஹெலன் பிறந்தார். இருபது வயதில் வந்தவர் முப்பத்து மூன்று வயதுவரை தனியராக இருந்ததை இங்குக் கவனித்தல் வேண்டும். ஐரோப்பிய நிறுவனங்கள் பல, இளநிலைத் தோட்ட உதவியாளர் குறிப்பிட்ட சம்பளத்தை எட்டும் வரை மணம் புரிய அக்காலத்தில் இசைவு தருவதில்லை. கெல்லி ஸ்மித் தம் தொழிலுக்குத் தாமே உரிமையாளர். ஆகையால் அவரைக் காக்கவைத்தது வருவாய் மட்டுமே. குடும்பம் என்பது மலாயாவில் வெள்ளையருக்குக்கூடப் பணத்தால் வாங்க வேண்டிய ஒன்றாகவே இருந்தது.

மனையும் மனைவியும்

1909ஆம் ஆண்டளவில் ராயா ஆற்றங்கரை மேட்டில் முதல் வீடு எழுந்தது. அக்காலம் ரப்பர் விலையின் பொற்காலம். 1910இல் இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு எடையுள்ள ரப்பர் 12 ஷில்லிங்கையும் தாண்டி விற்றது. நிலம் வைத்திருந்த துரைமார் ஓரிரு ஆண்டுகளில் செல்வராயினர். 1915இல் மகன் அந்தோனி பிறந்தார். பழைய வீட்டோடு இணைத்து மிகப் பெரிய மாளிகை ஒன்றைக் கட்டும் திட்டம் அவ்வாண்டில் உருவாயிற்று. ஆறு நிலைக் கோபுரம், மேல்மாடத் திறந்தவெளி, விருந்துக்கூடம், மது வைக்கும் நிலவறை, மின்தூக்கி ஆகியவை திட்டத்தில் இடம்பெற்றன. மின்தூக்கிக்கென விடப்பட்ட செங்குத்துக் குழியை இன்றும் அங்குக் காணலாம். மகளுக்கும் மகனுக்கும் தனித்தனி அறைகள் உண்டு.

மகன் பிறந்த ஆண்டும் மாளிகைத் திட்டம் தோன்றிய ஆண்டும் ஒன்றாயிருப்பதை இக்கட்டடத்தைப் பற்றி எழுதியோர் பலரும் குறித்துள்ளனர். குறித்துவிட்டு உடனே பேய்க்கதைக்குச் சென்றுவிடுகின்றனர் என்பதே குறை. சுரங்கப்பாதை, மறைவறை, நள்ளிரவில் நடமாடும் உருவம் ஆகிய கதைகள் நுழைவுச்சீட்டு விற்க உதவும். அக்கட்டடம் ஏன் எழுந்தது என்பதை விளக்க உதவா. தமிழில் 'இல்' என்னும் சொல் வீட்டைக் குறிக்கிறது. அதிலிருந்தே இல்லாளும் இல்லறமும் பிறக்கின்றன. மனை என்பதிலிருந்து மனைவி. வீட்டையும் அதில் வாழும் உறவையும் ஒரே வேரிலிருந்து சொல்லாக்கிய மொழியைப் பேசும் நமக்கு, கெல்லி ஸ்மித்தின் செயல் விளங்குவது கடினமன்று. வாடகைக்கோ நிறுவன ஒப்பந்தத்திற்கோ உட்பட்ட பங்களாவில் தம் குடும்பம் விருந்தினர்போல் இருப்பதை அவர் விரும்பவில்லை. மக்கள் வளரவும், மகன் தமக்குப் பின் வாழவும் ஏற்ற வீட்டை இம்மண்ணிலேயே கட்ட நினைத்தார். பொருளீட்டித் திரும்ப வந்தவரின் கட்டடமாக அது தோன்றவில்லை.

அதன் அமைப்பை 'விசித்திரக் கலவை' எனச் சிலர் எள்ளுவதுண்டு. ஸ்காட்லாந்துக் கோபுரமும், மூர் பாணிக் குதிரைலாட வளைவும், இந்தியச் செங்கல்லும் ஓரிடத்தில் கூடியிருப்பது அவர்களுக்கு வியப்பாகிறது. 1897இல் முடிந்த கோலாலம்பூர்ச் சுல்தான் அப்துல் சமது கட்டடத்தையும், 1910இல் திறக்கப்பட்ட அந்நகரத் தொடர்வண்டி நிலையத்தையும், சென்னையில் 1892இல் முடிந்த உயர்நீதிமன்றத்தையும் பார்த்தவர் அவ்வாறு வியக்க வேண்டியதில்லை. வளைவும் குவிமாடமும் கலந்த அப்பாணி, அன்றைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளின் பொதுப்பாணி. சென்னைக் கொத்தர்களின் கைகளுக்கு அது நன்கு பழகியிருந்தது. கெல்லி ஸ்மித் செங்கல்லையும் சலவைக்கல்லையும் இந்தியாவிலிருந்து தருவித்தபோது, அவற்றை அடுக்கத் தெரிந்தவர்களையும் சென்னையிலிருந்தே தருவித்தார். அவர்கள் எழுபதின்மர் என்பது பரவலாக வழங்கும் செய்தி.

முதல் உலகப் போர், அதன் பின் வந்த நச்சுக்காய்ச்சல், அதன் பின் ரப்பர் விலை வீழ்ச்சி என மூன்று இடையூறுகள் வேலையைத் தடுத்தன. 1910இல் 12 ஷில்லிங்கைத் தாண்டிய விலை 1921இல் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே இறங்கிற்று. உற்பத்தியைக் குறைத்து விலையை உயர்த்த 1922இல் நடைமுறைக்கு வந்த ஸ்டீவன்சன் திட்டம் தோட்டக்காரருக்குச் சற்று மூச்சுவிட இடமளித்தது. (அத்திட்டத்திற்குப் பெயர் தந்த ஜேம்ஸ் ஸ்டீவன்சனும் ஸ்காட்லாந்தில் பிறந்தவரே.) மாளிகை வேலை மெல்ல நகர்ந்தது. 1926ஆம் ஆண்டில் ஐரோப்பாவிற்குச் சென்ற கெல்லி ஸ்மித், போர்த்துகல் நாட்டு லிஸ்பனில் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார். வயது 56. மின்தூக்கி வாங்கப் போனவர் என்று மக்கள் சொல்வர். ஆக்னஸ் மலாயாவிற்குத் திரும்பி வாழவில்லை. சொத்து ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்பீல்டு நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. யாருக்காக அறைகள் கட்டப்பட்டனவோ அவர்கள் அவ்வறைகளில் வாழவில்லை. காடு சூழ்ந்து பல பத்தாண்டுகள் கிடந்த பின்னரே அது சுற்றுலாத் தலமாயிற்று.

எண்ணாக நின்றவர்

அவர் இறந்த அதே 1926ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பார்க்லே கர்ல் கப்பல் கட்டும் தளத்தில் 'ரஜூலா' கப்பல் கட்டி முடிக்கப்பட்டது. சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் எனும் வழியில் 1970களின் தொடக்கம் வரை ஓடிய அக்கப்பலை அறியாத மலேசியத் தமிழ்க் குடும்பம் அரிது. தாத்தாவோ பாட்டியோ அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த கதை பெரும்பாலான வீடுகளில் உண்டு. ஸ்காட்லாந்தியர் ஒருவர் கட்டிய இல்லத்தில் தமிழர் உழைப்பு உறைந்திருப்பதுபோல, தமிழர் ஏறி வந்த கப்பலில் ஸ்காட்லாந்துத் தொழிலாளர் உழைப்பு உறைந்திருந்தது. எனினும் இவ்விரு பயணங்களையும் ஒன்றாக்கிவிடுதல் பிழையாகும்.

கெல்லி ஸ்மித்தும் ஒரு வேளாண் ஊரை விட்டுத்தான் வந்தார். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து வந்தோரும் வேளாண் ஊரை விட்டே வந்தனர். அவர் கையில் கல்வி இருந்தது. இவர் தலையில் கங்காணியின் முன்பணம் இருந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. 1907இல் தோன்றிய தமிழ்க் குடியேற்ற நிதியால் கப்பல் கட்டணக் கடனும் நீங்கிற்று. இவை மெய்யான முன்னேற்றங்களே. ஆனால் குடும்பமாக வாழும் வாய்ப்பு மட்டும் சட்டத்தாலும் நிதியாலும் எளிதில் வரவில்லை. 1911ஆம் ஆண்டளவில் மலாயா இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ முந்நூறு பெண்களே இருந்தனர். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிகள், மனைவியின்றிச் செல்லும் ஆண்கள் ஐவருக்கு ஒருவர் என்ற அளவை மீறக்கூடாது என்றன. மலாயாவிற்கு அவ்விதியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தனியாட்களைக் கொண்டு நடத்தும் தோட்டம் மலிவானது என்பதை முதலாளிகள் நன்கு அறிந்திருந்தனர்.

1918ஆம் ஆண்டின் நச்சுக்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. கெல்லாசில் கட்டட வேலை செய்தோரும் அதற்குத் தப்பவில்லை. சென்னையில் அவர்களுக்கும் மனைவி மக்கள் இருந்திருப்பர். ஹெலனுக்கும் அந்தோனிக்கும் அறை எழுப்பிய கைகள் சில, தம் பிள்ளைகளை மீண்டும் காணாமலே அம்மண்ணில் அடங்கின என்று கொள்வது மிகையன்று. கெல்லி ஸ்மித்தின் மனைவி பெயரும் மக்கள் பெயரும் நமக்குத் தெரியும். அவர்களோ வழங்கும் வரலாற்றில் 'எழுபது' என்னும் எண்ணாகவே நிற்கின்றனர்.

கூரைமேல் நிற்கும் உருவம்

நோயால் மாண்டோரைக் கண்டு அஞ்சிய தொழிலாளர், மாரியம்மனுக்குக் கோயில் எழுப்ப வேண்டுமெனத் துரையிடம் கேட்டனர் என்பதும், அவர் இசைந்து உதவினார் என்பதும் கெல்லாசைப் பற்றிய செய்திகளுள் தலையாயது. மாளிகையிலிருந்து சற்றுத் தொலைவில் அக்கோயில் உள்ளது. கூரையின் மேலுள்ள தெய்வ உருவங்களுக்கிடையே ஐரோப்பிய உடையணிந்த ஒருவரின் சுதை உருவம் நிற்கிறது. அது கெல்லி ஸ்மித் என்பது வழிவழிச் செய்தி.

சுற்றுலா எழுத்தில் இது ஒரு வேடிக்கைக் காட்சியாக வருணிக்கப்படுகிறது. தமிழ்ச் சமய மரபை அறிந்தவர் இதனை வேறு வகையாகக் காண்பர். கொடையாளியின் உருவத்தைக் கோயிலில் வைப்பது நம் நெடுங்கால வழக்கம். மதுரைப் புதுமண்டபத் தூண்களில் நாயக்க மன்னர் உருவங்கள் நிற்கின்றன. ஐரோப்பிய அதிகாரிகளையும் அம்மரபு உள்வாங்கிற்று. 1812 முதல் 1828 வரை மதுரையில் ஆட்சியராக இருந்த ரவுஸ் பீட்டர், மீனாட்சியம்மனுக்குப் பொன் அங்கவடி அளித்தவராகவும் 'பீட்டர் பாண்டியன்' ஆகவும் நினைக்கப்படுகிறார். மதுராந்தகத்தில் ஏரிகாத்த இராமர் கோயில் வரலாறு லயோனல் பிளேசு என்னும் ஆட்சியர் பெயரோடு பிணைந்தது. முல்லைப் பெரியாறு அணையை 1895இல் முடித்த பென்னிகுயிக்கின் படம் தேனி மாவட்ட வீடுகளில் பூசையறையிலும் உண்டு. கிளாஸ்கோவில் பிறந்து சென்னை ஆளுநராகி 1827இல் வாந்திபேதியால் இறந்த தாமஸ் மன்றோவின் பெயரை ஆந்திரப் பகுதிக் குடியானவர் தம் பிள்ளைகளுக்கு இட்டனர். இவர்களை மக்கள் நினைவில் கொண்டது அவர்களின் குணநலன் முழுவதையும் ஆராய்ந்து அன்று; நீருக்கோ தெய்வத்திற்கோ நிலத்திற்கோ அவர் செய்த ஒன்றைக் கருதியே.

ஆகவே கெல்லாஸ் கோயில் உருவத்தை அடிமை மனத்தின் வெளிப்பாடு என ஒதுக்குவது அவசர முடிவாகும். அது தொழிலாளர் எழுதிய வரலாறு. தாளும் மையும் அவர்களிடம் இல்லை, சுண்ணச்சாந்து இருந்தது. தம் அச்சத்தைக் கேட்டுச் செவிசாய்த்த ஒருவரை, தமக்குத் தெரிந்த முறையில், தமக்குத் தெரிந்த இடத்தில் பதிவு செய்தனர். அப்பதிவில் அவர் கோபுர உச்சியில் தனித்து நிற்கவில்லை. அம்மனுக்கு அருகே பரிவாரத்தோடு நிற்கிறார். கட்டிய மாளிகை அவர் குடும்பத்திற்கு உதவாமற்போக, உடன்பட்டு எழுந்த கோயிலே அவரை நினைவில் வைத்துக்கொண்டது. தோட்ட நிருவாகம் பல கைகள் மாறிய பின்னரும் அவ்வுருவத்திற்கு வண்ணம் பூசிவருவோர் தமிழரே.

லயத்தில் குடும்பம்

இந்நிலையில், கெல்லாஸ் இல்லத்தின் பிள்ளைகள் அறையையும் அதே காலத் தோட்ட லயத்து அறையையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும். லயத்து அறை பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னே ஒரு சிறு திண்ணை, பின்னே சமையல். ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். கணவன், மனைவி, பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த தம்பி எனப் பலரும் அவ்வோர் அறையில் உறங்கினர். மணமான மகனுக்கு இடம்விட்டுப் பெற்றோர் திண்ணையில் படுப்பதுண்டு. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளில் விதிக்கப்பட்ட கூலி. கணவனும் மனைவியும் விடியற்காலையில் பால்மரம் சீவச் செல்ல, கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். பல தமிழ்ப்பள்ளிகளின் பிறப்பு அவ்வாறு நிகழ்ந்தது.

இத்தகைய சூழலிலும் குடும்பம் நடத்தினர் என்பதே வியப்பு. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1930 முதல் 1932 வரை, ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியதும் மீண்டும் அழைக்கப்பட்டனர். 1938இல் இந்திய அரசு உதவிக் குடிபெயர்வைத் தடைசெய்த பின்னர், இங்கேயே பிறந்த பிள்ளைகளைக் கொண்டு தோட்டம் நடந்தது. அப்போதுதான் லயம், ஆள் மாறும் கொட்டகை என்ற நிலையிலிருந்து பரம்பரை வீடாக மாறிற்று. பாட்டி இறந்த அறையில் பேத்தி பிறந்தாள். சட்டப்படி அந்த அறை யாருக்கும் உரியதன்று. வேலை முடிந்தால் வெளியேற வேண்டும். கெல்லி ஸ்மித் எந்த நிலையை வெறுத்துச் சொந்த வீடு கட்ட முனைந்தாரோ, அந்த நிலையிலேயே நம்மவர் நான்கு தலைமுறை வாழ்ந்தனர்.

கோல சிலாங்கூர் வட்டாரத்திலும் இவ்வரலாற்றின் எச்சம் கண்முன் உள்ளது. தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917இல் செம்பனையை வணிகப் பயிராக நட்டார்; தமிழும் மலாயும் கற்ற அவர், இம்மண்ணின் வாழ்வை எழுதிய 'மலேசீ' நாவலுக்காக 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றார். அவருடைய தோட்டம், குடும்பம், கடிதங்கள் குறித்துப் பிரெஞ்சு மொழியில் நூல்கள் உண்டு. ஒரு ஸ்காட்லாந்தியருக்கு மாளிகையும், ஒரு பிரெஞ்சுக்காரருக்கு நாவலும் நினைவாக வாய்த்தன. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி முதலான ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கோ, சொந்த வீடு என்பதே இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட கோரிக்கையாக இருந்தது. 245 வீடுகள் கட்டித்தரும் திட்டம் 2023ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது.

புது வீட்டிற்குச் செல்வோர் லயத்தில் விட்டுச்செல்வனவற்றுள் வரலாற்றுக்கு வேண்டியவை பல. தோட்டக் கோயில் திருவிழாவின் வரிப்பண ஏடு அவற்றுள் ஒன்று; அதில் லயம் லயமாகக் குடும்பத்தலைவர் பெயரும், அவர் கொடுத்த தொகையும் இருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இன்னொன்று. அதில் தந்தையின் தொழிலும் பிறந்த தோட்டமும் இருக்கும். சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை, கல்யாணப் பத்திரிகை, நிழற்படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிய தேதி ஆகியனவும் அத்தகையவை. கெல்லி ஸ்மித்தின் திருமண ஆண்டும் மகன் பிறந்த ஆண்டும் தெரிந்ததால்தான் அவர் மாளிகையை நம்மால் வாசிக்க முடிந்தது. அசாம் ஜாவா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கங்களில் களப்பணிக்குச் செல்லும் மாணவர், முதியோரிடம் துரையின் குணத்தையும் சம்பள விவரத்தையும் கேட்டுவிட்டு எழுந்துவிடுதல் கூடாது. மணமான ஆண்டு எது, தாலி எங்கே வாங்கப்பட்டது, மாமியார் எந்தக் கப்பலில் வந்தார், முதல் பிள்ளை பிறந்தபோது அந்த அறையில் எத்தனை பேர் படுத்திருந்தனர், எவர் எந்த மூலையில் படுத்தார் என்பனவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.